வளவில் ஓர் அறை, இரண்டு பிள்ளைகள்: தங்கையின் வழக்கில் எதை முதலில் கேட்பது?

கோட்டையூர்க்காரன்:
அனைவருக்கும் வணக்கம். என் தங்கையைத் தேவகோட்டைக்கு அருகில் உள்ள ஓர் ஊரில் கட்டிக் கொடுத்து 12 ஆண்டுகள் ஆகின்றன. மாப்பிள்ளைக்குச் சிங்கப்பூரில் வேலை. முதல் 5 ஆண்டுகள் அவருடன் அங்கே இருந்த தங்கை, மாமியாருக்கு இடுப்பு எலும்பு முறிந்தபோது ஊருக்கு வந்தாள். கடந்த 7 ஆண்டுகளாக அந்தப் பெரிய வீட்டிலேயே குடும்பம் நடத்துகிறாள். மகளுக்கு வயது 11, மகனுக்கு வயது 4. கணவன் மனைவிக்குள் பேச்சு குறைந்து நாளாகிவிட்டது. சென்ற தை மாதம், மணவிலக்குக்குச் சம்மதம் கேட்டு அவருடைய வழக்குரைஞரிடமிருந்து அறிவிப்பு வந்தது.

சித்திரையில் எங்கள் அப்பச்சியின் (தந்தையின்) எழுபதாம் வயதுச் சடங்கான பீமரத சாந்திக்காகத் தங்கை மகனை அழைத்துக்கொண்டு வந்தாள். முழு ஆண்டுத் தேர்வு நடந்துகொண்டிருந்ததால் மகளை அப்பத்தாவிடம் விட்டுவிட்டு வந்திருந்தாள். நான்கு நாள் கழித்துத் திரும்பிப் போனபோது, வளவின் கிழக்குப் பக்கத்தில் அவர்கள் புழங்கிய இரட்டை வீட்டில் புதுப் பூட்டு தொங்கியது. (பெரிய வீட்டின் உள்முற்றப் பகுதிதான் வளவு. அதைச் சுற்றியுள்ள அறையை எங்கள் பக்கம் வீடு என்றே சொல்வோம், இரண்டு அறை சேர்ந்தது இரட்டை வீடு. வெளியூர் நண்பர்கள் குழம்ப வேண்டாம்.) முகப்பிலேயே நிறுத்திப் பேசி அனுப்பிவிட்டார்கள். மகள் அங்கேயே இருக்கிறாள். இந்த வீட்டில் 9 பங்காளிகளுக்குப் பங்கு உண்டு, இதில் மருமகளுக்கு என்ன உரிமை என்று அவள் மாமனார் கேட்கிறார். போதாக்குறைக்கு, வீட்டையே விற்றுவிடலாம் என்ற பேச்சும் பங்காளிகளுக்குள் நடக்கிறது. மகளை மீட்பதா, வீட்டைக் கேட்பதா, பராமரிப்புத் தொகையைக் கேட்பதா, எதில் தொடங்குவது என்று எங்களுக்குத் தெரியவில்லை. அறிந்தவர்கள் வழி சொல்ல வேண்டுகிறேன்.

அரியக்குடி ஐயா:
தம்பி, பூட்டியது தவறு. அதை நான் நியாயப்படுத்த வரவில்லை. ஆனால் நானும் ஒரு பங்காளி வீட்டின் சாவிக்கொத்தை வைத்திருப்பவன் என்பதால் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டியிருக்கிறது. எங்கள் வீடுகளில் ஒரு தூணுக்குக்கூட ஒருவர் மட்டும் உரிமையாளர் இல்லை. ஓடு மாற்றுவதற்கே ஆறு ஊர்களுக்குத் தொலைபேசியில் பேசிச் சம்மதம் வாங்க வேண்டும். அப்படிப்பட்ட வீட்டில், கணவனே ஒன்பதில் ஒரு பங்கின் ஒரு சிறு பகுதிக்கு மட்டும் உரியவனாக இருக்கும்போது, மனைவி நீதிமன்றம் சென்று குடியிருப்பு உரிமை வாங்கினால் மற்ற எட்டுப் பேரின் நிலை என்ன? மாமியார் பெயரில் இருந்த வீட்டில் மருமகள் உரிமை கோர முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2006 டிசம்பரில் பத்ரா வழக்கில் சொல்லியிருப்பதாகப் படித்திருக்கிறேன். வயதானவர்களைக் காப்பதற்கென்று 2007-இல் வந்த சட்டமும் இருக்கிறது. பங்காளிகள் நாலு பேரை உட்கார வைத்துப் பேசி முடிப்பதே நல்லது என்பது என் எண்ணம்.

தேவகோட்டை வழக்குரைஞர்:
ஐயா குறிப்பிட்ட தீர்ப்பு இன்று சட்டம் அல்ல. 2020 அக்டோபர் 15 அன்று சதீஷ் சந்தர் அகுஜா வழக்கில், மூன்று நீதிபதிகள் கொண்ட அமர்வு பத்ரா தீர்ப்பு சரியான சட்டம் அன்று என்று அறிவித்துவிட்டது. குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் 2005-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 2(எஸ்) பிரிவைப் படித்துப் பாருங்கள். கணவன் உறுப்பினராக இருக்கும் கூட்டுக் குடும்பத்துக்கு உரிய வீடு, அதில் கணவனுக்கோ மனைவிக்கோ எந்த உரிமையும் பங்கும் இல்லாவிட்டாலும், பகிர்ந்து வாழ்ந்த இல்லம் என்ற சொல்லுக்குள் அடங்கும் என்று அது சொல்கிறது. பங்காளி வீட்டை மனத்தில் வைத்துக்கொண்டே எழுதினார்களோ என்று எனக்குச் சில நேரம் தோன்றும்.

ஆனால் அதே அகுஜா தீர்ப்பில் ஓர் எல்லையும் இருக்கிறது. நம் பகுதியில் பல வழக்குகள் தடுக்கி விழுவது அங்கேதான். அந்த வீட்டில் வாழ்ந்தது ஓரளவு நிலையான வாழ்க்கையாக இருந்திருக்க வேண்டும். சென்னையில் குடித்தனம் நடத்திவிட்டு, கல்யாணத்துக்கும் படைப்புக்கும் (முன்னோர் வழிபாட்டுக்கும்) மட்டும் ஊர் வீட்டைத் திறந்து நான்கு நாள் தங்கியவர், அந்த வீட்டில் குடியிருப்பு உரிமை கேட்டால் நிற்பது கடினம். உங்கள் தங்கை 7 ஆண்டுகள் தொடர்ந்து இருந்திருக்கிறார். அதற்கு ஆதாரமாகக் குடும்ப அட்டை, எரிவாயு இணைப்புப் புத்தகம், மகளின் பள்ளிச் சேர்க்கைப் படிவம், மாமியாரை மருத்துவமனையில் சேர்த்தபோது இவர் கையெழுத்திட்ட தாள் ஆகியவற்றை இன்றே எடுத்து வையுங்கள்.

இது பங்குரிமை அன்று, குடியிருக்கும் உரிமை மட்டுமே. கணவர் உயிரோடு இருக்கும்போது அவருடைய பரம்பரைச் சொத்தில் மனைவி என்ற முறையில் உங்கள் தங்கைக்குப் பங்கு கிடையாது. எனவே மற்ற எட்டுப் பங்காளிகளின் பங்கு ஓர் அங்குலமும் குறையப் போவதில்லை. ஐயா அந்தக் கவலையை விட்டுவிடலாம். நடுவர் (மாஜிஸ்திரேட்) நீதிமன்றத்தில் அதே 2005-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 12-ஆம் பிரிவின் கீழ் மனுச் செய்து, 19-ஆம் பிரிவின்படி அந்த இரட்டை வீட்டில் திரும்பக் குடியிருக்கவும், அதை விற்காமல் தடுக்கவும் உத்தரவு கேட்கலாம். 23-ஆம் பிரிவு இடைக்கால உத்தரவுக்கு வழி தருகிறது. முதல் விசாரணை 3 நாளுக்குள் என்றும், 60 நாளுக்குள் முடிக்க முயல வேண்டும் என்றும் சட்டம் சொல்கிறது. நடைமுறையில் மாதங்கள் ஆகும் என்பதையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஆண்களை மட்டும்தான் எதிர்மனுதாரராகச் சேர்க்கலாம் என்ற பழைய கட்டுப்பாடு 2016-இல் நீக்கப்பட்டதால் மாமியாரையும் சேர்க்கலாம். எனினும் எந்தப் பெண்ணையும் அந்த வீட்டைவிட்டு வெளியேறச் சொல்லி உத்தரவிட முடியாது. 2007-ஆம் ஆண்டு மூத்த குடிமக்கள் சட்டத்தை மட்டும் காட்டி மருமகளை வெளியேற்ற முடியாது என்பதையும், இரண்டு சட்டங்களையும் இணைத்தே பார்க்க வேண்டும் என்பதையும் 2020 டிசம்பரில் வனிதா வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிவிட்டது.

எதை முதலில் என்று கேட்டீர்கள். வீட்டை முதலில் கேளுங்கள். சுயநலமாகத் தோன்றலாம், ஆனால் பிள்ளைகளுக்காகத்தான் சொல்கிறேன். தங்கை அந்த வளவுக்குத் திரும்பினால் மகளும் மகனும் ஒரே கூரைக்கு வந்துவிடுகிறார்கள், பள்ளி மாறவில்லை, அப்பத்தாவும் பக்கத்தில் இருக்கிறார். மகளை மீட்கும் வழக்கில் பாதி அங்கேயே கரைந்துவிடும்.

பள்ளத்தூர் ஆச்சி:
வழக்குரைஞர் சொல்வது தாளில் சரியாக இருக்கலாம். பூட்டு மாற்றியவர்களுடன் ஒரே வளவில், ஒரே கிணற்றில் தண்ணீர் எடுத்துக்கொண்டு, தினமும் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஒரு பெண் எப்படி இருப்பாள் என்பதை அவர் எண்ணிப் பார்க்க வேண்டும். நான் அப்படி 14 மாதங்கள் இருந்தவள்; உத்தரவு என் கையில் இருந்தது, தூக்கம் இல்லை. கடைசியில் வாடகை வீட்டுக்குப் போனேன், அந்த வாடகையைக் கணவர் கொடுக்க வேண்டும் என்று உத்தரவு பெற்றேன். அதே 19-ஆம் பிரிவில் இதற்கும் இடம் இருக்கிறது என்று பிறகுதான் எனக்குச் சொன்னார்கள்.

சாமான்களைப் பற்றி இங்கே யாரும் பேசவில்லை. பூட்டிய வீட்டுக்குள் தங்கையின் சீர் முழுவதும் இருக்குமே! வெள்ளிச் சாமான், பித்தளை, மங்குச் சாமான், கழுத்துரு (திருமணத் தாலி நகை) ஆகிய எல்லாவற்றுக்கும் கல்யாணத்தின்போது எழுதிய சிட்டை உங்கள் வீட்டுப் பெட்டகத்தில் கட்டாயம் இருக்கும். எத்தனை குத்துவிளக்கு, என்ன எடை, எத்தனை டசன் எவர்சில்வர் தட்டு என்று வரிவரியாக எழுதி, பெரியவர்கள் பார்த்த ஏடு அது. வேறு ஊர்ப் பெண்கள் நகையை நிரூபிக்கப் புகைப்படத்தைத் தேடி அலைகிறார்கள். நமக்கு அந்தச் சிரமம் இல்லை. என் வழக்கில் எதிர்த்தரப்பு வாதம் ஒரே வாய்தாவில் அடங்கியது அந்தச் சிட்டையால்தான்.

தேவகோட்டை வழக்குரைஞர்:
ஆச்சி சொன்னதை மறுக்க முடியாது. எதைக் கேட்பது என்பதைத் தங்கையே முடிவு செய்ய வேண்டும், நானோ அவருடைய அண்ணனோ அன்று. வாடகையை மாற்றுக் கோரிக்கையாக அதே மனுவில் சேர்த்துவிடலாம். சீதனம் பெண்ணுக்கே முழு உரிமை உடையது, கணவர் வீட்டார் கையில் இருப்பது ஒப்படைப்புப் பொருளே என்று 1985-இல் பிரதிபா ராணி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது இன்றும் நிற்கிறது. சிட்டையின் மூலத்தைக் கையை விட்டுக் கொடுக்காதீர்கள். நகலை மட்டும் மனுவுடன் இணைத்து, மூலத்தைச் சாட்சியத்தின்போது காட்டலாம்.

கோட்டையூர்க்காரன்:
அனைவருக்கும் நன்றி. சிட்டை கிடைத்துவிட்டது, அம்மான் கையெழுத்தும் அதில் இருக்கிறது. இதற்கிடையில் நேற்று இரு தரப்புப் பெரியவர்களும் ஒரு பொது இடத்தில் கூடினார்கள். மகள் ஐயா (தாத்தா), அப்பத்தாவிடமே வளரட்டும், மகன் தாயிடம் இருக்கட்டும், தங்கை வீட்டைப் பற்றி இனிப் பேசுவதில்லை என்று எழுதிக் கொடுத்தால், மாப்பிள்ளை ஒரு தொகையை மொத்தமாகக் கொடுத்து இசைவு மணவிலக்குக்கு வருவார் என்பது அவர்கள் வைத்த முடிவு. அப்பச்சிக்கு உடல்நலம் சரியில்லாததால் இதை ஏற்றுக்கொள்ளலாம் என்ற எண்ணம் வீட்டில் பலருக்கு வந்துவிட்டது. தங்கை மட்டும் ஒன்றும் பேசவில்லை.

கண்டனூர் மகள்:
நான் அப்படிப் பிரித்துக் கொடுக்கப்பட்ட பிள்ளை. தம்பி அம்மாவிடம், நான் அப்பத்தாவிடம். எனக்கு யாரும் குறை வைக்கவில்லை. நல்ல பள்ளி, நல்ல சாப்பாடு. ஆனால் தம்பிக்கு அம்மை போட்டதும், அவன் சைக்கிள் பழகியதும், குரல் உடைந்ததும் எனக்குத் தெரியாது. கல்யாண வீடுகளில் பார்த்துக்கொள்ளும் உறவினர்களைப் போல நாங்கள் வளர்ந்தோம். அப்போது எனக்கு வயது 10. என்னை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

தேவகோட்டை வழக்குரைஞர்:
கோட்டையூர் அண்ணன் அவர்களே, இன்னும் எதிலும் கையெழுத்திடவில்லை என்று நம்புகிறேன். பெரியவர்கள் வைத்த முடிவில் மூன்று வெவ்வேறு பொருள்களை ஒரே தராசில் போட்டிருக்கிறார்கள். தங்கை தன் குடியிருப்பு உரிமையை விட்டுக்கொடுக்கலாம், அது அவருடையது. மகளை விட்டுக்கொடுப்பது அப்படிப்பட்டதன்று. இந்து இளவர் மற்றும் காப்பாளர் சட்டம், 1956-இன் 13-ஆம் பிரிவு குழந்தையின் நலனையே தலையாயதாக வைக்கிறது. பெற்றோர் என்ன எழுதிக்கொண்டாலும் நீதிமன்றத்தை அது கட்டாது. பிள்ளைகளின் பொறுப்பைப் பற்றிய உத்தரவு எந்நாளும் இறுதியானதன்று, சூழல் மாறினால் மாற்றிக்கொள்ளலாம் என்று 1973-இல் ரோசி ஜேக்கப் வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது. ஆனால் பதினொரு வயதில் விட்ட பிள்ளையைப் பதினான்கில் திரும்பக் கேட்டால், பழகிய இடத்திலிருந்து ஏன் பிடுங்க வேண்டும் என்று நீதிபதி கேட்பார், அது நியாயமான கேள்வியும்கூட. எனவே மாற்றலாம் என்ற தைரியத்தில் இன்று ஒப்புக்கொள்ளாதீர்கள்.

நான்கு வயது மகனைப் பொறுத்தவரை கவலை குறைவு. ஐந்து வயது நிறையாத குழந்தை சாதாரணமாகத் தாயிடமே இருக்க வேண்டும் என்று அதே 1956-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 6-ஆம் பிரிவு சொல்கிறது. மகளின் விருப்பத்தை, அவள் சிந்தித்துச் சொல்லக்கூடிய வயதில் இருப்பதால், 1890-ஆம் ஆண்டுக் காப்பாளர் மற்றும் காவற்பட்டோர் சட்டத்தின் 17-ஆம் பிரிவின்படி நீதிமன்றம் கருத்தில் கொள்ளலாம். நீதிபதி தனியறையில் அவளோடு பேசுவார். அதற்காக அவளுக்குச் சொல்லிக் கொடுத்து அனுப்பாதீர்கள். பத்து நிமிடப் பேச்சில் அது வெளுத்துவிடும். அதே சட்டத்தின் 9-ஆம் பிரிவின்படி குழந்தை வழக்கமாக வசிக்கும் இடத்து நீதிமன்றத்துக்கே அதிகாரம் என்பதால், மகளைச் சிங்கப்பூருக்கு அழைத்துச் செல்லும் எண்ணம் இருந்தால் உடனே தடை பெற வேண்டும். குழந்தைகளை நாடு கடத்திச் செல்வது குறித்த 1980-ஆம் ஆண்டு ஹேக் உடன்படிக்கையில் இந்தியா சேரவில்லை. போன பிறகு மீட்பது பெரும்பாடு.

வீடு விற்பனையைப் பற்றியும் சொல்ல வேண்டும். தங்கைக்குப் பங்கு இல்லை என்றேன், பிள்ளைகளுக்கு இருக்கக்கூடும். அந்த வீட்டைக் கட்டியவர் யார், இந்து வாரிசுரிமைச் சட்டம் வந்த 1956-க்கு முன் அவர் காலமானாரா பின் காலமானாரா என்பதை முதலில் பாருங்கள். நம் பகுதிப் பெரிய வீடுகளில் பல அதற்கு முன்பே இறங்கி வந்தவை என்பதால், கூட்டுக் குடும்பச் சொத்தாகவே நிற்க வாய்ப்புண்டு. அப்படியானால் மகனைப் போலவே மகளுக்கும் பிறப்பினால் உரிமை உண்டு. தமிழ்நாடு இதை 1989-இலேயே செய்தது, 2005-இல் நாடு முழுவதற்கும் வந்தது, 2020 ஆகஸ்ட் 11 அன்று வினீதா சர்மா தீர்ப்பு மிச்சமிருந்த ஐயத்தையும் நீக்கியது. மூலப் பத்திரம், வில்லங்கச் சான்று, பழைய பாகப்பிரிவினைப் பத்திரம் ஏதேனும் இருந்தால் அதன் நகல், இவை இல்லாமல் நான் மேலே எதுவும் உறுதியாகச் சொல்ல மாட்டேன்.

அரியக்குடி ஐயா:
விற்பனை என்று சொன்னதும் எனக்கே வயிறு கலங்குகிறது. ஒரு வீட்டைப் பிரித்தால் பர்மாத் தேக்குத் தூண்களும் நிலைக்கதவும் பழம்பொருள் கடைகள் உள்ள காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுக்குப் போய்விடும். பிறகு எந்த உத்தரவு வந்து எதை நிறுத்துவது? தடை கேட்பதானால் சுணங்க வேண்டாம். பங்காளிகளைக் கூட்டிப் பேசலாம் என்று நான் சொன்னது சாமான், சாவி, செலவு போன்றவற்றுக்குத்தான். பிள்ளைகளை ஆளுக்கொன்றாகப் பகிர்வதை நான் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன்.

இன்னொன்றையும் ஒப்புக்கொள்கிறேன். கல்யாணமான சில காலத்திலேயே மகனையும் மருமகளையும் வேறு வைத்து, தனி அடுப்பு மூட்டி, ஆனால் அதே கூரையின் கீழ் இருக்கச் செய்த வழக்கம் நம்முடையது. வீட்டின் பின்பக்கச் சமையல் பகுதியான மூன்றாம் கட்டில் அடுப்புகள் வரிசையாக இருப்பதே அதற்காகத்தான். தனியாகப் பொங்கிக்கொண்டு ஒரே வளவில் இருப்பது புதிய ஏற்பாடு அன்று.

பொன்னமராவதி வாசகர்:
நான் பிள்ளையைப் பிரிந்திருக்கும் தந்தை என்பதால் மாப்பிள்ளையின் பக்கமிருந்து ஒரு செய்தி. எனக்குக் கிடைத்த முதல் உத்தரவில் மாதத்தில் இரண்டு நாள் மகனைப் பார்க்கலாம் என்று மட்டும் இருந்தது. எந்த நாள், எத்தனை மணி, எந்த இடம், யார் அழைத்து வருவது, தேர்வு வந்தால் என்ன செய்வது என்று எதுவும் இல்லை. முதல் ஆறு மாதங்களில் மூன்று முறைதான் பார்த்தேன். பார்த்த மூன்று முறையும் நீதிமன்றக் கட்டடத்தில் ஒரு மின்விசிறிக்குக் கீழே பிளாஸ்டிக் நாற்காலியில். மகன் என் மடியில் இருந்தபடியே வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பான். பிறகு புதிய மனுச் செய்து, ஞாயிறு காலை 10 முதல் மாலை 5 வரை என்றும், கோடை விடுமுறையில் இரண்டு வாரம் என்றும், புதன் இரவு காணொலி அழைப்பு என்றும் எழுதி வாங்கினேன். அதன் பின் சண்டை பெருமளவு குறைந்தது.

தங்கை தந்தையைப் பார்க்கவிடாமல் தடுத்தால் அது அவர் வழக்குக்கே கெடுதலாகும். பிள்ளைக்கு இரு பெற்றோரின் அன்பும் வேண்டும், வெளிநாட்டில் இருப்பவருக்குக் காணொலி வழியாகவாவது தொடர்பு வேண்டும் என்பது உச்ச நீதிமன்றம் 2020-இல் யஷிதா சாகு வழக்கில் சொன்னது. நீங்களே முந்திக்கொண்டு, நாளும் நேரமும் குறித்த ஒரு திட்டத்தை மனுவில் வையுங்கள்.

ஓய்வுபெற்ற சிரஸ்தார்:
எல்லோரும் பெரிய விஷயங்களைச் சொல்லிவிட்டார்கள். நீதிமன்ற அலுவலகத்தில் சிரஸ்தாராக (தலைமை எழுத்தராக) இருந்தவன் என்பதால் நான் அலுவலக விஷயம் ஒன்று சொல்கிறேன். பராமரிப்பு கேட்கும் எந்த வழக்கிலும் இரு தரப்பும் சொத்து, கடன், வருமானம் பற்றிய பிரமாணப் பத்திரம் தாக்கல் செய்ய வேண்டும் என்று 2020 நவம்பர் 4 அன்று ரஜ்னேஷ் வழக்கில் உத்தரவானது. பலர் இதைக் கடைசி வாய்தா வரை தள்ளுகிறார்கள். உங்கள் தரப்புப் பத்திரத்தை மனுவுடனேயே வைத்துவிட்டால், அடுத்த வாய்தாவில் மாப்பிள்ளையின் சிங்கப்பூர்ச் சம்பளச் சீட்டைக் கேட்கும் தகுதி உங்களுக்கு வந்துவிடும். தொகை, மனுச் செய்த நாளிலிருந்து கணக்கிடப்படும் என்பதால் ஒவ்வொரு மாதத் தாமதமும் இழப்பு. வழக்குச் செலவு பாரமாக இருந்தால் வட்டச் சட்டப்பணிகள் குழுவுக்குப் போங்கள். பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமலே இலவச உதவி உண்டு. தொலைபேசி எண் 15100.

கோட்டையூர்க்காரன் (இரண்டரை மாதங்களுக்குப் பிறகு):
கேட்டவர்களுக்கு நடந்ததைச் சொல்வது கடமை என்பதால் எழுதுகிறேன். பெரியவர்கள் வைத்த முடிவை வேண்டாம் என்று தங்கையே சொன்னாள். இரண்டு பிள்ளைகளையும் பிரித்து எழுதிய தாளில் என் கை நகராது என்றாள். அதற்குப் பிறகு வீட்டில் யாரும் மறுத்துப் பேசவில்லை.

நடுவர் நீதிமன்றத்தில் மனுச் செய்தோம். குடும்ப வன்முறைச் சட்டத்தின்கீழ் அமர்த்தப்பட்ட பாதுகாப்பு அலுவலர் நேரில் வந்து பார்த்து அறிக்கை கொடுத்தார். நான்காவது வாய்தாவில் இடைக்கால உத்தரவு கிடைத்தது: கிழக்குப் பக்கத்து இரட்டை வீட்டையும், மூன்றாம் கட்டில் ஓர் அடுப்பையும், பின்கட்டுக் குளியலறையையும் தங்கை பயன்படுத்தலாம், மாமனார் தரப்பு அந்தப் பகுதியை யாருக்கும் மாற்றிக் கொடுக்கக் கூடாது. பூட்டைத் திறந்தபோது சிட்டையை வைத்து ஒவ்வொன்றாகச் சரிபார்த்தோம். கழுத்துரு இருந்தது. இரண்டு வெள்ளிக் குடங்களும் ஒரு பெரிய பித்தளை அண்டாவும் இல்லை. அதை எழுதிக் கையெழுத்து வாங்கியிருக்கிறோம்.

ஆச்சி எச்சரித்தது பொய்யில்லை. மாமனார் இன்றுவரை தங்கையிடம் பேசுவதில்லை, பட்டாலையில் (வீட்டுக் கூடத்தில்) அவள் வந்தால் எழுந்து போய்விடுகிறார். ஆனால் மாமியார் மூன்றாவது நாளே பேரனுக்குச் சீயம் என்ற பலகாரத்தைக் கொண்டுவந்து வாசற்படியில் வைத்துவிட்டுப் போனார். மகள் இப்போது தாயோடு படுத்துக்கொள்கிறாள், காலையில் அப்பத்தாவிடம் தலை பின்னிக்கொள்கிறாள். அவளுக்காகத் தனியாகப் போட வைத்திருந்த மனுவை நிறுத்தி வைத்திருக்கிறோம். வெளிநாட்டுக்கு அழைத்துச் செல்லத் தடை கேட்ட மனு மட்டும் நிலுவையில் இருக்கிறது. மாப்பிள்ளைக்கு வெள்ளி இரவு 8 மணிக்குக் காணொலி அழைப்பு என்று நாங்களே எழுதிக் கொடுத்தோம். முதல் வாரம் அவர் வரவில்லை, அடுத்த இரண்டு வாரம் வந்தார்.

ஓய்வுபெற்ற சிரஸ்தார்:
மகிழ்ச்சி. உத்தரவின் சான்றிட்ட நகலுக்கு உடனே மனுப்போட்டு, வாங்கியதும் ஒன்பது பங்காளிகளுக்கும் ஒப்புகை பெறும் வகையில் தபாலில் அனுப்பிவையுங்கள். வெளியூரில் இருக்கும் ஒருவர், எனக்குத் தெரியாது என்று சொல்லிக் கிரயப் பத்திரத்தில் கையெழுத்திட்டுவிட்டால் பிறகு இன்னொரு வழக்கு தொடங்க வேண்டிவரும். வெள்ளிக் குடம் இரண்டையும் தனி இடைக்கால மனுவாகக் கேளுங்கள், மூல மனுவின் முடிவுக்குக் காத்திருக்க வேண்டாம்.

கோட்டையூர்க்காரன்:
நகலுக்கு இன்று காலையில் மனுக் கொடுத்துவிட்டோம், ஐயா. ஒன்பது முகவரிகளில் ஏழு கிடைத்திருக்கின்றன. மலேசியாவில் இருக்கும் இருவருடைய முகவரியை மாமியாரே தருவதாகச் சொல்லியிருக்கிறாராம்.